இதர வரவு

கோப்பு எண்ணைத் தூக்கத்திலும் சொல்வேன்.
பொருள்: பழைய நீரூற்றுச் சீரமைப்பு, பொது நிதி.
வார்ப்பிரும்புச் சிங்கமுகம் எட்டு.
அதில் ஒன்றுக்குக் கீழுதடு இல்லை.

உதட்டுக்கு மட்டும் மூன்று விலைப்புள்ளிகள்.
ஆகக் குறைந்தது ஆயிரத்து எண்ணூறு வெள்ளி.
பணத்தைத் தண்ணீராய் இறைக்கிறார்கள் என்று
யாரும் சொல்லிவிடக் கூடாதே,
இருமுறை கூட்டிப் பார்த்துக் கையெழுத்திட்டேன்.
பிறகு ஓங் சியூ லான் வந்தார்,
பதினான்கு அடுக்குச் சாயத்தையும்
சுரண்டிச் சுரண்டிப் படித்த கண்களோடு.
'உடைந்தது உடைந்தபடியே இருக்கட்டும்.
ஒட்டினால் பொய்யாகிவிடும்.'
சரி.
கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறவும்
ஒரு படிவம் இருக்கிறது.

தொட்டியை வடித்தது ஒரு வெள்ளிக்கிழமை.
ஹம்தான் பம்பை நிறுத்தியதும்
நீர் கடைசியாக ஒரு விக்கல் விக்கியது.
சேறு, ஆங்சானா இலை, ஒற்றைத் தோடு,
அப்புறம் காசு. காசு. காசு.
பக்கிரிசாமி பெயின்ட் வாளியில் அலசி
சாக்கின்மேல் வரிசையாய்ப் பரப்பினார்,
வடகம் காயவைப்பதுபோல்.
ஒன்றைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.
'யாருதுங்க மேடம் இது?'

விதிநூலைப் புரட்டினேன்.
தவறவிட்ட பொருளென்றால் போலீசுக்கு.
இவை தவறி விழுந்தவை அல்ல.
முதுகைத் திருப்பிக்கொண்டு
கண்ணை மூடிக்கொண்டு
வேண்டுமென்றே போட்டவை.
வேண்டுதலுக்கு எங்களிடம்
கணக்குத் தலைப்பு கிடையாது.

எண்ணினோம்.
வீவக வீட்டுக் குலுக்கலுக்கு இருபது காசு போட்டிருப்பார்கள்.
நான்கு இலக்கமும் விழ ஐம்பது.
வேலை அனுமதி இன்னும் இரண்டு வருடம் நீள
யாரோ தன் ஊர்க் காசையே போட்டிருந்தார்,
அந்தக் கடவுளுக்கு இந்த நாட்டுக் காசு
செல்லாதென்று நினைத்தாரோ என்னவோ.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
அளக்காமல் போட்டதை
நான் அளந்துகொண்டிருந்தேன்.

ஒரு வெள்ளி நாணயம் நாற்பத்தாறு.
அதில் ஒன்று என்னுடையது.

ஆறு வருடம் முன்பு, நவம்பர் மழை,
கேகே மருத்துவமனை உறையை
நான்காய் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு
பேருந்தில் ஏறாமல் இந்தப் பக்கம் நடந்தேன்.
துழாவிய விரலில் அதுதான் அகப்பட்டது.
சில்லறை இருந்திருந்தால்
சில்லறைதான் போட்டிருப்பேன்.
கேட்டது வரவில்லை.
புகார் இல்லை.
நாற்பத்தாறுக்கும் ஒரே முகம்,
எது என்று தெரியவில்லை.

படிவத்தின் இரண்டாம் பக்கம் கேட்டது:
இப்பரிவர்த்தனையில் உங்களுக்குத்
தனிப்பட்ட நலன் ஏதேனும் உண்டா?
'இல்லை' என்ற கட்டத்தில் குறியிட்டேன்.
பேனா கொஞ்சம் அதிகமாக அழுந்திவிட்டது.

இதர வரவு: 312 வெள்ளி 45 காசு.
அந்நிய நாணயம் முப்பத்தேழு: மதிப்பில்லை.

திறப்பு நாளுக்கு முன் அறிவிப்புப் பலகை வந்தது.
எங்கள் பிரிவில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்தி.
'நாணயங்கள் எறிதல் இல்லை' என்று இருந்தது.
அடித்துவிட்டுக்
'காசு போடாதீர்கள்' என்று எழுதிக் கொடுத்தேன்.
தடுப்பதென்றாலும்
தமிழில் தடுக்கலாமே.

இப்போது அதே நீர்தான் சுற்றிச் சுற்றி ஏறுகிறது.
வெயில் குடித்ததை மட்டும்
வாரம் ஒருமுறை நிரப்புகிறார் ஹம்தான்.
மதிய உணவு நேரத்தில் சில நாள் போய் நிற்பேன்.
பலகைக்கு நேர் கீழே, நேற்று,
புத்தம்புது இருபது காசு ஒன்று கிடந்தது.
நான் எதையும் பார்க்கவில்லை.

ஏழு சிங்கங்கள் ஒழுங்காகத் துப்புகின்றன.
உதடில்லாதது மட்டும் கோணல்.
அந்தத் தாரை விளிம்பைத் தாண்டிப்
பலகையின் அடியில் படுகிறது.
நான்கு மொழிகளில் நாம் எப்போதும் கடைசி வரி.
அதனால்
முதலில் நனைகிறோம்.